குழிக்கு ஊற்றிய தண்ணீர்

பாளையம்பட்டி ரோட்டில் இருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனால், வந்திருக்கும் சனம் முழுக்க அண்ணாந்து மின்விசிறியைப் பார்க்கும். செல்லப்பாண்டி மட்டும் பின்பக்கத்துச் சமையல் கொட்டகையைப் பார்ப்பார். மண்டபத்து ஜெனரேட்டரைக் கிளப்பும் சாவி அவர் கையில்தான் இருந்தது. சாவியைத் திருப்பினால் மேடையில் விளக்கு எரியும், மைக் பேசும், மாப்பிள்ளை அறையில் ஏசி ஓடும். அதே திருப்பில் சமையல் கொட்டகையின் பெரிய கிரைண்டரும் சுற்றும். அந்தக் கிரைண்டர் முன்னால் ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவள் அவர் மனைவி வெள்ளைத்தாய். கொஞ்ச மாதங்களாக அந்த மெஷின் அவளைச் சுர்ரென்று இழுத்துக்கொண்டிருந்தது.

தினமும் இல்லை. கரண்ட் ஆபீஸ் மின்சாரம் வரும்போது இல்லவே இல்லை. ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும். சில நாள் எறும்பு ஊர்கிற மாதிரி, சில நாள் முழங்கை வரைக்கும்.

“ஒங்க மிஷினு என்னையக் கண்டா சும்மா இருக்க மாட்டேங்குது” என்று முதல் தடவை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். செல்லப்பாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து சாவியைத் திருப்பும்போதெல்லாம் அவர் காது கொட்டகைப் பக்கம் போய்விடும்.

திருச்சுழியிலிருந்து வீரசோழன் போகிற பஸ் பெயருக்கு நின்று போகும் ஒரு ஊரில் பிறந்தவர் அவர். ஐப்பசியில் பெய்தால் கொத்தமல்லி விதைப்பு, பெய்யாவிட்டால் அடுத்தவர் வேலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர்கள். செல்லப்பாண்டி பத்தாவது பரீட்சைக்குப் போகாமல் போர்வெல் வண்டியில் ஏறினார். ஆந்திரா, கர்நாடகா என்று ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைத்த வண்டி அது. பகலெல்லாம் புழுதி, காது அடைக்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்து இருந்து, எஞ்சின் ஓடுகிற ஓட்டத்தில் எது சரி, எது கோளாறு என்று காதாலேயே பிரிக்கப் பழகிக்கொண்டார். டீசல் பம்ப் அடைத்தால் ஒரு சத்தம், பெல்ட் தளர்ந்தால் ஒரு சத்தம். கல்யாணம் ஆனபிறகு வெள்ளைத்தாய், “பூமிக்குள்ள தண்ணி தேடுனது போதும், வீட்டுக்குத் தண்ணி பிடிச்சுக் குடுக்க ஆளில்ல” என்று ஊரோடு இழுத்து நிறுத்திவிட்டாள்.

அருப்புக்கோட்டையில் பருப்பு மண்டி வைத்திருக்கும் அருஞ்சுனை அண்ணாச்சி மண்டபம் கட்டிய சமயம் அது. ஜெனரேட்டருக்கு ஆள் வேண்டும் என்றார். செல்லப்பாண்டி போய் நின்றார். எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, அவர் தலையைச் சாய்த்துக் கேட்கிற அழகைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி அங்கேயே சரி என்றுவிட்டார். மண்டபத்துக்கு வாடிக்கையாக வந்த சமையல் மாஸ்டர் மொக்கையன், பிறகு வெள்ளைத்தாயையும் மாவாட்டச் சேர்த்துக்கொண்டார். புருஷன் ஜெனரேட்டரில், பெண்டாட்டி கிரைண்டரில், ஒரே கல்யாணத்தில் இரண்டு பேருக்கும் சாப்பாடு. வாழ்க்கை ஒரு மாதிரி நிலைக்கு வந்துவிட்டது என்று அவர்கள் நினைத்த காலம் அது.

ஜெனரேட்டரில் பாதி எஞ்சின், பாதி கரண்ட். எஞ்சின் பாதி செல்லப்பாண்டிக்குக் கைவந்தது. கரண்ட் பாதியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அதைத் தொடக்கூடாது என்பதுதான்.

போன ஆயுத பூசைக்கு முந்தின வாரம் மண்டபத்து கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். டப்பாவில் பாதி மிஞ்சியது. செல்லப்பாண்டி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எஞ்சினுக்கு வருஷம் முழுக்க டீசலும் புகையும்தானே, பூசைக்காவது புதுத்துணி உடுத்தட்டும் என்ற ஆசை. வண்டி என்றே அவர் சொல்லும் அந்த ஜெனரேட்டரின் கூட்டைச் சோடா உப்புப் போட்டுக் கழுவினார். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார். வண்டியின் இரும்பு உடம்பிலிருந்து இறங்கிச் சுவரோரம் போய் மண்ணுக்குள் மறைகிற ஒரு தகரப்பட்டை துருவேறிக் கிடந்தது. அதன் போல்ட்டைக் கழற்றி, பட்டைக்கு முன்னும் பின்னும், அது உட்காரும் இடத்துக்கும், வாஷருக்கும், போல்ட்டுக்கும் இரண்டு கை பெயிண்ட் அடித்தார். நன்றாகக் காயவிட்டு, பலம் கொண்ட மட்டும் ஸ்பேனரால் முடுக்கினார். நியூட்ரலுக்கென்று தனியாகப் போகும் இன்னொரு பட்டையை, அது கரண்ட் சமாச்சாரம் என்று தொடாமல் விட்டுவிட்டார்.

பூசையன்று அண்ணாச்சி வந்து பார்த்து அசந்து போனார். “ஏய்யா பாண்டி, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்கிட்டியேய்யா!” சந்தனம் குங்குமம் வைத்த வண்டியைப் படம் எடுத்துத் தன் போனில் ஸ்டேட்டஸ் போட்டார். செல்லப்பாண்டி அன்று முழுக்கக் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தார்.

அந்தப் பெயிண்டால் அவர் அடைத்தது என்ன என்று அவருக்குத் தெரியாது. மெஷினுக்குள் கசிகிற மின்சாரம் ஆள்மேல் பாயாமல் மண்ணுக்குப் போகத்தான் அந்தப் பட்டை. கரண்ட் போனால் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிப் பக்கத்திலிருக்கும் சிவப்பு போர்டில் சொருகுவார்கள். அது ஜெனரேட்டருக்கென்றே இழுத்த லைன். அந்த போர்டின் எர்த் கம்பி நேரே வண்டியின் உடம்புக்கு வரும், அங்கிருந்து பட்டை வழியாகக் குழிக்கு இறங்கும். இரும்பும் இரும்பும் தோலோடு தோல் ஒட்டியிருந்தால்தான் அது வழி. நடுவில் பெயிண்ட் படிந்தால் பட்டை வெறும் அலங்காரம். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் வைத்து இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து, மறுபடி முடுக்கினால் தீர்ந்துவிடும் காரியம். ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்குப் பட்டை முன்பைவிட உறுதியாக, முன்பைவிட அழகாக இருந்தது. அதில் யாருக்குச் சந்தேகம் வரும்?

சமையல் கொட்டகையில் வெள்ளைத்தாயின் சுர்ரு பெரிய கேலியாகிவிட்டது. காய் நறுக்கும் கஸ்தூரிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“ஏ மதினி, அண்ணன் அங்கன சாவியத் திருப்புனா இங்கன ஒனக்குச் சிலுக்குதாக்கும்! இத்தன வருசம் கழிச்சும் எந்தப் புருஷனுக்கு இம்புட்டு ஆச இருக்கு?”

“வந்து நீ நின்னு பாருடி. ஒங்கண்ணன் ஆச தெரியும்.”

“எனக்கெதுக்கு அடுத்தவ புருஷன் கரண்டு?”

கொட்டகையே சிரித்தது. வெள்ளைத்தாயும் சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிரைண்டர் அருகே போனாள். மொக்கையன் கரண்டியோடு ஓடி வந்தார்.

“ஏம்மா! அன்னம் வேகுற எடத்துல செருப்பா? நாப்பது வருசமா அடுப்பு மூட்டுறேன், நான் சமைச்ச பந்தியில ஒருத்தரு வயிறு வலின்னு சொன்னதில்ல. எதனால? கழட்டு மொதல்ல.”

“ஷாக்கடிக்குது மாஸ்டரு.”

“சாக்கு விரிச்சு நின்னுக்க.”

சாக்கு விரித்து நின்றாள். மாவாட்டுகிற இடத்தில் சாக்கு எத்தனை நேரம் காய்ந்திருக்கும்? அரிசி களைந்த தண்ணீரும் உளுந்து கழுவிய தண்ணீரும் அவள் காலடிக்குத்தான் வரும். செல்லப்பாண்டி ஒரு மரப்பலகை கொண்டுவந்து கொடுத்தார். அதை யாரோ தேங்காய் மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டார்கள். திரும்பக் கேட்டால், இப்போது எடுத்தால் மூட்டை சரியும் என்றார்கள்.

அண்ணாச்சியிடம் சொன்னார். அண்ணாச்சி கேட்காதவர் இல்லை. மறுநாளே எலெக்ட்ரீஷியன் செல்வக்குமாரை வரச் சொன்னார். அவன் ஒயரில் கோத்த ஒரு குண்டு பல்பை எடுத்துக்கொண்டு நேரே கொல்லைப்பக்கம் போய், கரியும் உப்பும் போட்டு இறக்கிய எர்த் குழியின் குழாயில் ஒரு முனையை வைத்தான். மறுமுனையைக் கரண்டில் வைத்தான். பல்பு மங்கலாக மினுங்கியது.

“பாத்தீகளாண்ணே? குழி காஞ்சு கெடக்கு. நம்ம ஊரு மண்ணுல ஈரம் ஏது? தெனம் ரெண்டு கொடம் ஊத்துங்க.”

அப்போதே ஊற்றினார்கள். பல்பு பளிச்சென்று எரிந்தது. “முடிஞ்சுச்சு சோலி” என்று செல்வக்குமார் ஒயரைச் சுருட்டினான். பட்டையைக் கண்ணால் பார்த்தான். போல்ட்டை ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. நல்லபடியாகத்தான் இருக்கு என்று போய்விட்டான். பல்பை வண்டியின் உடம்பில் ஒரு தடவை வைத்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து செல்லப்பாண்டி குழிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். காலையில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் அதுதான் முதல் வேலை. கருவேல முள் ஓரமாகப் பூத்து நிற்கும் கொல்லை, வெடித்துக் கிடக்கும் கரிசல். குடத்தைச் சரித்தால் மண் ஒரு மூச்சு விட்டு அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். கோடை முற்றியபோது மண்டபத்துத் தொட்டிக்கு லாரித் தண்ணீர்தான் வந்தது. பெண் வீட்டார் ஒருவர் பார்த்துவிட்டு அண்ணாச்சியிடமே போய்க் கேட்டார், “கை கழுவ எங்களுக்கு நூல் மாதிரி விடுறீக, அங்க ஒருத்தரு மண்ணக் குளிப்பாட்டுறாரே?” அண்ணாச்சி செல்லப்பாண்டியைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில், “கல்யாண வீட்டுக்காரங்க முன்னால ஊத்தாதய்யா” என்றார். அப்புறம் செல்லப்பாண்டி தன் வீட்டுப் பங்கிலிருந்து சைக்கிளில் ஒரு குடம் கட்டிக்கொண்டு வந்தார். பெயிண்டுக்கு அந்தப்பக்கம், எதனோடும் ஒட்டாமல் கிடந்த குழி, அவர் ஊற்றியதையெல்லாம் குடித்தது.

வெள்ளைத்தாய்க்குச் சில நாள் சுர்ரு குறைந்திருக்கும். அன்று தரை கொஞ்சம் காய்ந்திருந்தது என்பதுதான் காரணம். “இன்னைக்கு அம்புட்டு இல்ல” என்பாள். “நல்லா ஊத்தினேன்ல” என்பார் இவர். இப்படியே நம்பிக்கொண்டு போனார்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள். காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம் ஐந்து. ஆனியில் அப்படி ஒரு நாள் முகூர்த்தத்தோடு வந்து விழுந்தது. முதல்நாள் சாயங்காலம் எதிர்பாராத மழை ஒன்று கொட்டி, சமையல் கொட்டகை முழுக்கச் சதசதவென்றிருந்தது. தாலி கட்டுகிறவரை ஜெனரேட்டர் ஓடியது. அப்புறம் டீசல் ஊற்ற நிறுத்தினார். அந்த இடைவெளியில் வெள்ளைத்தாய் கொல்லைப்பக்கம் வந்தாள். வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள்.

“என்னத்தா?”

“தூக்கிப் போட்ருச்சுங்க. அண்டாவப் பிடிச்சு நின்னேன், இல்லேனா விழுந்திருப்பேன்.” அவள் சிரிக்கவில்லை. “விரலு மரத்துப்போச்சு. நீங்க சத்தம் போடாதீக. சாயங்கால டிபனுக்கு மாவு பாதியில கெடக்கு.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். செல்லப்பாண்டி டீசல் கேனைக் கீழே வைத்தார். குழியைப் பார்த்தார். மழையில் அது நிறைந்து, தண்ணீர் விளிம்புவரை நின்றது. இதற்குமேல் என்ன ஊற்ற?

மண்டபத்துக்குள் மின்விசிறிகள் நின்றுபோய்ச் சனம் விசிறிக்கொண்டிருந்தது. பந்தி பாதியில். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“என்ன பாண்டி, போடுய்யா!”

“கிரைண்டர மட்டும் நிறுத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. போடுறேன்.”

“கிரைண்டரா? அதுக்கும் இதுக்கும் என்னய்யா?”

“அவளத் தூக்கிப் போட்ருச்சு.”

பின்னாலேயே வந்த மொக்கையன் தலையில் அடித்துக்கொண்டார். “சாயங்காலம் ஐந்நூறு எலைக்கு வடை. மாவில்லாம என்னத்தத் தட்டச் சொல்றாரு? பொண்டாட்டி பயந்தான்னா வேற ஆள நிறுத்திக்கிடுவோம். ஏ கஸ்தூரி, நீ போய் நில்லு!”

கஸ்தூரி அரிவாள்மணையை விட்டு எழுந்தாள். கேலி பேசுகிற வாய் அன்று செல்லப்பாண்டியைப் பார்த்து வேறு மாதிரி பேசியது.

“ஏண்ணே, மதினி உசுருதான் உசுரா? எம்பிள்ளைகளுக்கு நீங்க வந்து சோறு போடுவீகளா?”

செல்லப்பாண்டி கஸ்தூரியின் வெறுங்காலைப் பார்த்தார். யார் நின்றாலும் ஒருத்தி நிற்கத்தான் வேண்டும் என்பது அதுவரை அவர் புத்தியில் ஏறவே இல்லை.

“பாண்டி,” அண்ணாச்சி பொறுமையாகத்தான் கேட்டார், “சாவியக் குடுய்யா. மாப்பிள்ள வீட்டுக்காரக எந்திரிச்சுப் போயிருவாக போலருக்கு. நாளைக்கு செல்வக்குமாரக் கூப்பிட்டு எல்லாத்தையும் பாப்போம். சத்தியமாப் பாப்போம்.”

சாவியைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் போட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் ஒரு முதலாளிக்கு அவர் முடியாது என்று காட்டிய முதல் தடவை அது. அது அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. அண்ணாச்சியின் கார் டிரைவர் முனீஸ்வரன் ஆபீஸ் மேசையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து வந்து, வண்டியில் போட்டுத் திருப்பினான். ஒரே திருப்பில் கிளம்பியது. அத்தனை நன்றாகப் பராமரித்து வைத்திருந்தார்.

உள்ளே கூட்டம் ஓ என்றது. கொட்டகையில் எல்லாரும் கிரைண்டரைப் பார்த்தார்கள். யாரும் அருகே போகவில்லை. அப்போது வெள்ளைத்தாய் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள். கணவனைப் பார்த்த பார்வையில் கோபமும் அவமானமும் இருந்தன.

“எதுக்கு இப்படி நாலு பேரு முன்னால? நான் என்ன கண்ணாடியா, ஒடஞ்சு போக?”

பிளக்கைச் சிவப்பு போர்டில் சொருகினாள். சுவிட்சைப் போட்டாள். கல் சுற்றியது. கையை நீட்டி மாவைத் தள்ளினாள்.

ஒன்றும் ஆகவில்லை.

யாரோ புதுச் சாக்கு ஒன்றை நாலாக மடித்துப் போட்டிருந்தார்கள். அதன்மேல் நின்றாள். அவ்வளவுதான் வித்தியாசம். மொக்கையன், “ஒரு ஷாக்கும் காணோமே! ஏய்யா, எஞ்சினுக்குத்தான் ஆபரேட்டருன்னு பாத்தா, கதைக்கும் நீதானா?” என்றார். பயந்திருந்த கொட்டகை பயம் தெளிந்த வேகத்தில் இரட்டிப்பாகச் சிரித்தது. கஸ்தூரி மட்டும் சிரிக்காமல் காயைக் கையில் எடுத்தாள்.

மறுநாள் செல்வக்குமார் வரவில்லை. அண்ணாச்சி கூப்பிட்டிருக்கமாட்டார் என்று சொல்ல முடியாது. கூப்பிட்டும் வராமல் இருந்திருக்கலாம், அடுத்த கல்யாணம் அதற்குள் வந்திருக்கலாம். செல்லப்பாண்டிக்கு மட்டும் சேதி வந்தது. இனி முனீஸ்வரனே ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வான், வேறு எதாவது தோதாக வந்தால் அண்ணாச்சி சொல்லி அனுப்புவார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பேசவாவது வழியிருந்திருக்கும்.

அன்று வீட்டில் அவர் சொன்னார், “நீயும் போகாத.”

வெள்ளைத்தாய் உலை வைத்துக்கொண்டிருந்தாள். “நீங்களும் வீட்டுல, நானும் வீட்டுல. மக ஜோதிகா காலேஜு பீசு யாரு கட்டுவா? நீங்க அந்த வேலையில இருந்திருந்தா நான் வேலைய விட்டு நின்னிருப்பேன். இப்ப எப்படி நிக்கச் சொல்றீக?”

அவளைக் காப்பாற்ற அவர் செய்த ஒரே காரியம் அவளை அந்தக் கிரைண்டரோடு சேர்த்துக் கட்டிப் போட்டுவிட்டது.

வேறு வேலை தேடினார். குமாரலிங்கபுரம் பக்கம் ஜவுளிப் பூங்கா வருகிறது, வந்தால் ஆள் எடுப்பார்கள் என்றார்கள். வரட்டும் என்று காத்திருந்தார். இடையில் டிராக்டர் ஓட்டினார், லோடு ஏற்றினார். எந்த வேலையில் இருந்தாலும் கரண்ட் போகிற நேரம் கை நின்றுவிடும். டவுனில் எங்கே ஜெனரேட்டர் சத்தம் கேட்டாலும் மண்டபத்து வண்டியோ என்று தலையைச் சாய்ப்பார்.

ஆவணியில் முகூர்த்தங்கள் வரிசையாக வந்தன. செல்லப்பாண்டி சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக் கொல்லைப்பக்கம் போய் நின்றார். முனீஸ்வரன் நல்லவன். சங்கடப்பட்டான்.

“அண்ணே, அண்ணாச்சி பாத்தா என்னையத்தான் கேப்பாக.”

“தண்ணி மட்டும் ஊத்திட்டுப் போயிர்றேன்யா. நீ ஊத்துறியா தெனம்?”

“எங்கண்ணே நேரம்… சரி, ஊத்துங்க. வெரசா ஊத்துங்க.”

குழியின் மேல்கல்லை நகர்த்தினார். காய்ந்து வெளுத்துக் கிடந்தது. குடத்தைச் சரித்தார். அருகிலேயே சுவரோரம் அந்தப் பட்டை, ஒரு பொட்டுத் துருக்கூட இல்லாமல் பச்சைப்பசேலென்று வண்டிக்கு ஏறிப் போயிற்று. அவர் கை அதன்மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டது.

சரியாக அந்த நேரம் கரண்ட் போனது. முனீஸ்வரன் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது. பிளக்கை மாற்றிச் சொருக எடுக்கிற நேரம் கழிந்ததும், எஞ்சின் சத்தத்துக்கு அடியில் மெல்லிசாகக் கிரைண்டர் கல் உருளுகிற சத்தம் தொடங்கியது. கொட்டகை எட்டிப் பார்க்கிற தூரம்தான். போகவில்லை. போனால் அவளைக் கேலி பேசுவார்கள். அவளும் வராதீர்கள் என்று சொல்லியிருந்தாள்.

தலையைச் சாய்த்துக் கேட்டார். கல் உருண்டது, உருண்டது, பிறகு நின்றது. அவர் குடத்தைக் கீழே வைத்தார். மாவு வழிக்கிறாளா, இல்லை…

“ஏ மதினி, அந்தப் பெரிய அண்டாவ இங்கிட்டுத் தள்ளு!” கஸ்தூரியின் குரல் வந்தது. அண்டா தரையில் உரசுகிற சத்தம். வெள்ளைத்தாய் ஏதோ சொன்னாள், என்ன என்று புரியவில்லை. குரல் மட்டும் வந்தது. கல் மறுபடி உருள ஆரம்பித்தது.

குழிக்குள் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தெரியவில்லை. செல்லப்பாண்டி காலிக் குடத்தைச் சைக்கிளில் கட்டினார். தெருக்குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் இன்னொரு குடம் பிடித்துவிடலாம் என்று வேகமாக மிதித்தார்.